கன்னி மூலையின் கனம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

பயிற்சி முடித்து வரும்போது உங்கள் பையில் கத்தரிக்கோல், நூல், மருந்துப் புட்டிகளோடு ஒரு பட்டியலும் இருக்கும். எனக்கும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டியவை: காற்று வரும் வழி, வெளிச்சம், குடிதண்ணீர்ப் பானை, சாக்கடை, எருக்குழி, படுக்கை. பிறகு சொல்ல வேண்டியவை: எதை வெளியேற்றுவது, எதை வெயிலில் போடுவது, எதைக் கொதிக்கவைப்பது. நல்ல பட்டியல்தான். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போகிறேன்; அதற்கும் ஒன்று தயாராக இருக்கிறது. ஆனால் ஹெல்த் விசிட்டராக இந்தக் கோயமுத்தூர்ப் பக்கத்து ஊர்களைச் சுற்றிய வருஷங்களில், பட்டியலுக்கு மேலே நானாக ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பொருளை நகர்த்தச் சொல்வதற்கு முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேள்.

இங்கே வீடுகளில் எந்தப் பொருளும் போகிற போக்கில் ஓரிடத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. மனையடி சாஸ்திரம் பார்த்து வைத்திருப்பார்கள். வடகிழக்கு ஈசானி மூலை. அங்கே கனம் ஏற்றக் கூடாது, பெருக்கித் துடைத்துத் தண்ணீர் வைக்க வேண்டும். தென்கிழக்கு அக்கினி மூலை, அடுப்புக்கு. தென்மேற்கு கன்னி மூலை. வீட்டின் கனமெல்லாம் அங்கே. வடமேற்கு வாயு மூலை, வந்து போகிறவற்றுக்கு. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம்பச் சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் அதை ஒழுங்குபடுத்தப் போகாதீர்கள் என்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரி ஒருவர் வீட்டில் தவழும் குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தரை முழுக்கப் பாக்குத் தோல், ஈ. ராத்திரி குழந்தையைத் தூங்கப் போடும் முன் தரையைப் பெருக்கித் துடையுங்கள் என்றேன். விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்றார் மாமியார். நானும் போகும்போதெல்லாம் கிருமிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். ஒருநாள் அலுத்துப்போய், “சரிங்க, விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி?” என்றேன்.

“அதுக்கென்னுங்க, தாராளமாக் கூட்டலாம். மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா உங்க தொண்டைத் தண்ணி மிஞ்சியிருக்குமில்ல.”

அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. சாஸ்திரத்தையே கையில் எடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அது எதுவரைக்கும் செல்லும் என்பதைக் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர் சென்னியப்பக் கவுண்டர். பருத்தியும் சோளமும் விளைகிற தோட்டம், நல்ல ஓட்டு வீடு. அவர் மகள் ராமாத்தாள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் குழந்தை இதே வீட்டில் பிறந்து, எட்டாம் நாள் ஜன்னி கண்டு இறந்துவிட்டது. பெண் குழந்தை. நான் அந்த வட்டத்துக்கு வருவதற்கு முன் நடந்தது.

எந்த அறையில் பிரசவம் என்று கேட்டேன். கவுண்டரே கூட்டிப் போய்க் காட்டினார். தென்மேற்கு மூலை அறை. கதவைத் திறந்ததும் இருட்டு. கண் பழகிய பிறகு பார்த்தால் கூரைவரை பருத்திச் சாக்கு. கால் வைத்த இடத்தில் எலிப் புழுக்கை. எலி என்றாலே பிளேக் நினைவுக்கு வந்த காலம் அது. மேற்குச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓரிடம் மட்டும் மண் புதிதாக இருந்தது.

“இங்கே ஜன்னல் இருந்ததுங்களா?”

“இருந்துச்சுங்க. நாந்தான் அடைச்சுப்போட்டேன்.”

“திறக்கணுங்களே. காத்தும் வெளிச்சமும் இல்லாம இங்கே எப்படிங்க பிரசவம் பார்க்கறது?”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அம்மிணி, அந்த ஜன்னல வெச்சுத்தான் ஒரு பேத்தியக் குடுத்துப்போட்டேன். உடுமலைப்பேட்டையில இருந்து மனை பாக்கறவரக் கூட்டியாந்தேனுங்க. கயித்தப் புடிச்சு அளந்து பாத்துச் சொன்னார். கன்னி மூலையில ஓட்டை இருந்தா உசுரு நிக்காது, ஓட்டைய அடைச்சுக் கனம் ஏத்துங்கன்னார். கனம் இருந்தா உசுரு நிக்குமுங்க. இப்பப் போயித் தெறங்கறீங்களே.”

“எலி இருக்குதுங்களே?”

“பூனை வெச்சிருக்கறனுங்க.”

இதற்குமேல் கிருமிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. நான் வேறு வழி பார்த்தேன். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். வடமேற்கில் ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் தங்கும் அறை ஒன்று இருந்தது. இரண்டு ஜன்னல், சுண்ணாம்பு அடித்த சுவர், காரைத் தரை. அதைப் பார்த்ததும் பாக்கு வியாபாரி வீட்டுக் கர்வம் எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

“கவுண்டரே, வாயு மூலை வந்து போறவங்களுக்குத்தானுங்களே? ராமாத்தா இங்கே வந்திருக்கறது தங்கவா, திரும்பிப் போகவா?”

“போறதுக்குத்தானுங்க. கைப்புள்ளையோட அவ ஊட்டுக்குப் போயிச் சேரோணும்.”

“அப்போ சாஸ்திரப்படி அவளுக்கு இந்த அறைதானே?”

அவர் யோசித்தார். தலையைக்கூட ஆட்டப் போனார். பின்னால் நின்றிருந்த அவர் மனைவி வெள்ளையம்மாள் குறுக்கிட்டார்.

“ஏனுங்க நர்சம்மா, எதுவுமே நெலைக்காத மூலையில புள்ளையப் போட்டா, புள்ளை மட்டும் நெலைக்குமுங்களா?”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கலியாணம் ஆவாத புள்ளை. அதுக்கென்ன தெரியும், பாவம்” என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே காப்பி போடப் போய்விட்டார்.

நான் நம்பாத ஒன்றை அவர்களிடம் கடன் வாங்கி அவர்களையே மடக்கப் பார்த்தேன். அவர்களோ அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் நாம் ஜெயிக்க மாட்டோம். ஜெயித்தாலும் அது நிற்காது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று புறப்படும் முன் ராமாத்தாளைத் தனியாகப் பரிசோதித்தேன். இருபது வயதுகூட இருக்காது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

“அந்த ஜன்னலுங்க, அது ஒருநாளும் தெறந்திருக்கலீங்க.”

“எப்போ?”

“எம்புள்ளை இருந்தப்ப. காத்துப் படும்னு அம்மா உள்ளாற சாக்கத் தெச்சு மூடிப்போட்டாங்க. எட்டு நாளும் மூடித்தான் இருந்துச்சு. சிமிணி வெளக்குத்தான். எம்புள்ளை மொகத்த ஒருவாட்டிகூட வெளிச்சத்துல நாம் பாக்கலீங்க.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னா அம்மாவ என்ன பண்றதுங்க?” என்றாள்.

தங்கைகளே, இப்போது என் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. திறக்காத ஜன்னல் எப்படி உயிரைக் கொண்டுபோகும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கவுண்டரின் சுவர் அன்றைக்கே இடிந்துவிடும். ஆனால் கூடவே வெள்ளையம்மாளும் இடிந்துபோவார். பிரசவத்தின்போது மகளைத் தாங்கிப் பிடிக்கப் போகிறவர் அவர். பிறகு நாற்பது நாள் பத்தியம் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, இரவில் எழுந்து பார்க்கப் போகிறவரும் அவர்தான். நான் வாரம் ஒருமுறை வந்து போகிறவள். ஒரு ஜன்னலுக்காக அந்தக் கைகளை இழக்கலாமா? வண்டியில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் அந்த அறையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

விடை கிடைப்பதற்குள் வலி வந்துவிட்டது. எதிர்பார்த்ததற்கு முன்பே. ஒருநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் வண்டி எங்கள் சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றது.

நான் போனபோது ராமாத்தாள் ஆசாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்தப் பக்கத்தில் வீட்டின் முன்கூடத்தை ஆசாரம் என்பார்கள். கவுண்டர் மூலை அறையின் கதவைத் திறந்து வைத்து அதன் பக்கத்தில் நின்றார். சாக்குகள் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு பாய் போடும் அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளையம்மாள் அண்டாவில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

“நா அதுக்குள்ள போவ மாட்டேன்” என்றாள் ராமாத்தாள்.

“கண்ணு, சித்தெ சொன்னாக் கேளு சாமி” என்றார் அம்மா.

“முரண்டு புடிக்கற நேரமா இது?” என்றார் அப்பா. “எல்லாம் பாத்துத்தான அம்மிணி செஞ்சு வெச்சிருக்குது. ஜன்னலுந்தான் அடைச்சாச்சு.”

ராமாத்தாள் தூணை விட்டு நிமிர்ந்தாள். “ஜன்னல் ஜன்னல்ங்கறீங்களே, அன்னைக்கு அந்த ஜன்னல்ல...”

அண்டாவுக்குள் போன செம்பு வெளியே வரவில்லை. வெள்ளையம்மாள் திரும்பவும் இல்லை. மகள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்கும் தெரியும் என்பது அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று.

“ராமாத்தா, வலி வருது, பேசாதே. மூச்சை மெதுவா விடு” என்று சொல்லி அவள் தோளைப் பிடித்தேன். அந்த நிமிஷத்தில் வலி எதுவும் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் சொன்னபடி மெதுவாக மூச்சு விட்டாள்.

நான் கவுண்டர் பக்கம் திரும்பினேன். இந்தத் தடவை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

“மனை பார்த்தவர் என்ன சொன்னாருங்க? நீங்க புரிஞ்சுக்கிட்டது வேண்டாம். அவர் வாயில வந்ததை அப்படியே சொல்லுங்க.”

“மேக்குச் செவுத்துல ஓட்டை கூடாது. மூலையில கனம் வேணும். ரெண்டே வார்த்தைதானுங்க.”

“பருத்தின்னு சொன்னாருங்களா?”

“பருத்தின்னு இல்லீங்க. எங்கிட்ட இருந்தது பருத்தி.”

“கூரையைப் பத்தி ஏதாச்சும்?”

“கூரையப் பத்திப் பேச்சே இல்லீங்க” என்றவர் நிறுத்தினார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே பார்த்தார். “ஓட்டப் பிரிச்சா வெளிச்சம் வருமே” என்றார், எனக்கு ஏதோ புதிதாகச் சொல்லித் தருகிறவர் போல.

அடுப்படியிலிருந்து வெள்ளையம்மாளின் குரல் வந்தது. “ஆட்டாங்கல்லும் கனந்தானுங்களே? ரெண்டு கெடக்குதே பின்னால. கழுவி வெச்சா எலி கடிக்குமா, என்ன?”

இதை நான் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு எதிர்க்கேள்வி வந்திருக்கும்.

பிறகு நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்து ஆட்கள் சாக்குகளைக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். தரையையும் சுவரையும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். ஆட்டுக்கல் இரண்டையும் உருட்டி வந்து, கழுவி, சரியாக மூலையில் வைத்தோம். கவுண்டர் ஏணி போட்டுக் கூரையில் ஏறி ஓடுகளைப் பிரித்தார். தரையில் ஒரு பாய் அளவுக்கு வெயில் விழுந்தது.

ஓரிடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளையம்மாள் சுத்தத்துக்காகத் தரையைச் சாணி போட்டு மெழுக வந்தார். கூடாது என்றேன். என் கத்தரிக்கோலும் நூலும் கொதித்த தண்ணீரில்தான் இருக்கும், வேறு கத்தி இந்த அறைக்குள் வரக் கூடாது, குழந்தையின் தொப்புளில் சாணிச் சாம்பல் வைக்கக் கூடாது என்றேன். “ஏனுங்க?” என்றார். “இது எங்க சாஸ்திரமுங்க” என்றேன். அவர் சாணிக் கூடையை வெளியே கொண்டுபோய் வைத்தார். பட்டியலில் எதை வளைக்கலாம், எதை வளைக்கக் கூடாது என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

ராமாத்தாள் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். உள்ளே வந்து படுத்தாள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. பொழுது சாயச் சாய வெயில் பாயை விட்டு நகர்ந்தது. கூரைமேலிருந்த கவுண்டர் கீழே இறங்கவே இல்லை. பிரசவம் நடக்கும் அறையை ஆண்பிள்ளை பார்க்கக் கூடாதல்லவா, கிழக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏனுங்க, வெளிச்சம் நவுந்துபோச்சு” என்று வெள்ளையம்மாள் கீழிருந்து சொல்வார். அவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி இன்னும் இரண்டு ஓடுகளைத் தடவி எடுப்பார்.

“போதுங்களா?”

“இன்னுஞ் சித்தெ அக்கட்டால, மேக்கால.”

“இப்பங்க?”

“ம், இருக்கட்டும். ஊட்டையே பிரிச்சுப்போடாதீங்க.”

வலிக்கு நடுவில் ராமாத்தாள் சிரித்ததை நான் பார்த்தேன்.

பொழுது விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் கூரையிலிருந்து, “அம்மிணி, தாய்க்கு எப்படிங்க?” என்று ஒரு குரல். நல்லா இருக்காங்க என்றேன். “பேத்திதானுங்க, எறங்குங்க” என்றார் வெள்ளையம்மாள். ராமாத்தாள் கையை நீட்டினாள். துடைத்துக் கொடுக்கிறேன் என்றதற்கு, “அப்படியே வெளிச்சத்துல காட்டுங்க, பொழுது போயிரும்” என்றாள். காட்டினேன். அவள் போதும் என்று சொல்லும்வரை காட்டினேன்.

எட்டாம் நாள் போனபோது அவர்கள் என்னைத் திரும்பிப் போகவே விடவில்லை. அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவுமில்லை. குழந்தை மட்டும் நன்றாகப் பால் குடித்தது. தொப்புள் உலர்ந்து விழுந்தது. நாள்கள் கடந்தன. பிரித்த இடத்தில் கவுண்டர் திருப்பூரிலிருந்து கண்ணாடி ஓடுகள் வாங்கி வந்து பதித்துவிட்டார்.

கடைசியாகப் போய்ப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட அன்று, வண்டி வரைக்கும் வெள்ளையம்மாள் கூடவே வந்தார். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டியின் சட்டத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“அன்னைக்கு அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியுமுங்க.”

நான் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

“சாக்கத் தெச்சு மூடுனது நாந்தானுங்க. காத்துப் படக்கூடாதுன்னு. அவரு அந்த ஜன்னல அடைச்சப்ப, மண்ணு கொழச்சுக் குடுத்ததும் நாந்தான். ஒரு வார்த்தை சொல்லோணும்னு வாய் வரைக்கும் வருது, வெளிய வர மாட்டீங்குது. மூச்சு முட்டிச் செத்துப்போச்சோன்னு நெனச்சு நெனச்சு...”

“அதனால இல்லீங்க” என்றேன். “சாக்கும் இல்லீங்க, ஜன்னலும் இல்லீங்க. எட்டாம் நாள் ஜன்னி தொப்புள் வழியா வர்றது. அறுத்த கத்தியில இருந்திருக்கும், இல்லை மேலே வெச்ச சாம்பல்ல இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. கத்தியைக் கொதிக்க வைக்கணும்னு அப்போ இங்கே வந்து யாரும் சொல்லலை. நான் சாணி வேண்டாம்னு சொன்னது அதுக்குத்தான்.”

முதல் பிரசவம் பார்த்த மருத்துவச்சி செத்து ஒரு வருஷம் ஆகிறது, நல்ல மனுஷி என்றார் அவர். பிறகு, “அப்ப மூலை?” என்றார்.

“மூலையும் இல்லீங்க.”

அவர் தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தார். ஆசாரத்தில் கவுண்டர் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, ஈ ஓட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“நர்சம்மா, இத அவருகிட்டயும் சொல்லிப்போடுங்க. ஊடு கட்டறப்ப அந்த எடத்துல ஜன்னலே இல்லீங்க. மக அங்கதான் படுப்பா, காத்து வரோணும்னு ஆசாரிகிட்ட சண்டை போட்டு வெக்கச் சொன்னது அவருதான். மொதப் புள்ளை போன அன்னையில இருந்து அவரு ஒழுங்காத் தூங்கி நாம் பாக்கலீங்க.”

அடுத்துப் போக வேண்டிய வீடுகள் இரண்டு அன்றையப் பட்டியலில் பாக்கி இருந்தன. வண்டிக்காரரிடம் மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன்.